பயிரின் பக்கம் நின்றவர்

உயிலங்குளத்தில் எனக்கு ஒரு மருந்துக் கடை இருக்கிறது. மருந்து என்றதும் காய்ச்சல் தடிமனுக்குக் கொடுப்பது என்று நினைக்க வேண்டாம். நெல்லுக்கு அடிக்கிற பூச்சிமருந்து, களைமருந்து, உரம், அவற்றோடு கயிறும் மண்வெட்டியும். பத்துப் பன்னிரண்டு வருசமாக அந்த மேசைக்குப் பின்னால் இருந்து பலவிதமான சனத்தைப் பார்த்துவிட்டேன். என் வியாபாரத்துக்கு அவரளவு கெடுதல் செய்தவர் ஒருவரும் இல்லை.

அவர் கூலிக்கு மருந்தடிக்கிறவர். முதுகில் மருந்து நிரப்பின டாங்கியைக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கினால் டாங்கிக் கணக்கில்தான் கூலி. பத்து டாங்கி அடித்தால் பத்து டாங்கிக்குக் காசு. ஆகவே எந்த வயலைப் பார்த்தாலும் 'அடிக்க வேணும்' என்று சொல்லுவதுதான் அவருக்கும் லாபம், எனக்கும் லாபம். ஆனால் அந்த மனிதர் செய்வது தலைகீழ். என் கடை வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு, மருந்து வாங்க வந்தவனைப் பிடித்துக்கொள்ளுவார்.

"எந்த வயல்?"

"வாய்க்காலுக்கு அங்காலை, ஆலமரத்தடி."

"எத்தினை நாள் பயிர்?"

"முப்பது முப்பத்தைஞ்சு நாள் வரும்."

"நேற்றுப் பின்னேரம் அந்த வரம்பாலைதான் வந்தனான். சிலந்தி நிறைய நிக்குது, பூச்சியை அதுவே தின்னும். வேண்டாம். காசைக் கொண்டுபோய் மீன் வாங்குங்கோ."

வந்தவன் என்னைப் பார்ப்பான். நான் அவரைப் பார்ப்பேன். அவர் வானத்தைப் பார்ப்பார்.

"அண்ணை, உங்களை வாசலிலை வைச்சுக்கொண்டு நான் கடை நடத்தேலாது" என்று ஒருநாள் சொன்னேன்.

"அப்ப உள்ளுக்கு வந்து இருக்கிறன்" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் வந்து இருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அதன் பிறகு அவருடைய இடம் உள்ளே என்று ஆகிவிட்டது.

மெலிந்த மனிதர். டாங்கிப் பட்டி இழுத்து இழுத்து இரண்டு தோளிலும் தோல் கறுத்துத் தடித்துப் போயிருந்தது. மருந்தடிக்கும்போது வயலில் பின்பக்கமாகத்தான் நடப்பார். முன்னுக்கு நடந்தால் தெளித்த மருந்துக்குள்ளேயே நடக்க வேண்டிவரும், கால் எல்லாம் நனைந்துவிடும் என்பார். திரும்பிப் பார்க்காமல் ஒரு வரம்பிலிருந்து மற்ற வரம்பு வரைக்கும் பின்னால் போய், சரியாக வரம்புக்கு ஒரு சாண் முன்னால் நிற்பார். ஒரு நெல்லும் மிதிபடாது.

அவருடைய உண்மையான வேலை மைமல் பொழுதில்தான். வெயில் தணிந்த பிறகு ஒரு பூவரசங்கம்போடு வரம்பில் போவார். கம்பை நீட்டி நெல்லின் தலையை மெல்லத் தடவிக்கொண்டே நடப்பார். இலைக்குள் படுத்திருந்த அந்துப்பூச்சிகள் எழும்பிப் பறந்து, நாலு முழம் தள்ளித் திரும்ப இருக்கும். அவர் குந்தியிருந்து அவற்றைப் பார்ப்பார். விவசாயக் கந்தோரில் இருந்து வருகிற போதனாசிரியர் படம் போட்ட புத்தகம் வைத்துச் சொல்லுவதை, இவர் தன்னுடைய பெயர்களில் சொல்லுவார். இலையை மடித்து உள்ளே இருந்து சுரண்டுகிற மடிச்சுக்கட்டியை எல்லாருக்கும் தெரியும். படைபடையாக வந்து பயிரை மேய்ந்துவிட்டுப் போகிற புழுவின் தாய்ப்பூச்சிக்கு அவர் வைத்த பெயர் சாம்பல்காரி. ஆனால் அவர் மரியாதையோடு பார்த்தது பொட்டுக்காரியைத்தான். வைக்கோல் நிறத்தில் சின்னப் பூச்சி. ஒவ்வொரு இறகிலும் ஒரு கறுத்தப் பொட்டு. இலை நுனியில் முட்டையை வைத்துத் தன்னுடைய மயிரையே உதிர்த்து மூடிவிட்டுப் போகும். பொரித்த புழு நெல்லுத் தண்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். உள்ளே போனபிறகு எந்த மருந்தும் அதைத் தொடாது. கதிர் வெளியே வரும்போது வெள்ளையாக, ஒரு மணியும் இல்லாமல் நிமிர்ந்து நிற்கும்.

"இந்தத் தாய்ப்பூச்சி ஒண்டுமே தின்னாது தம்பி" என்று ஒருமுறை சொன்னார். "நாலைஞ்சு நாள்தான் உயிர். அந்த நாலைஞ்சு நாளும் பிள்ளையளுக்கு இடம் தேடித் திரியிறதுதான் வேலை. அவளும் பாவம்."

"பாவம் எண்டா ஏன் அடிக்கிறியள்?"

"பயிர் அதைவிடப் பாவமெல்லோ."

யாருடைய பயிர் என்பது அவருக்கு ஒரு விசயமே இல்லை. பயிர் நிற்கிறது, அதற்கு ஒன்று தேவையாய் இருக்கிறது, அதைச் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. அது ஒரு மாறாத வருத்தம், நோய் மாதிரி. ஒருநாள் மன்னார் டவுனுக்குப் போய்விட்டு இரண்டுபேரும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். அவருடைய மடியில் ஒரு பை மீன். யன்னலால் பார்த்துக்கொண்டு வந்தவர் திடீரென்று எழும்பி, "தம்பி, நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டுங்கோ" என்று கத்தினார். கொண்டக்டர் ஏதோ சுகமில்லை என்று பயந்து மணியை அடித்தான். இவர் இறங்கி, யாரென்றே தெரியாத ஒருவருடைய வயலுக்குள் ஓடினார். நடுக்குருத்துக் காய்ந்திருப்பது பஸ்ஸுக்குள் இருந்தே தெரிந்ததாம். அந்த வயல்காரன், இவர் கூலிக்கு வேலை பிடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்துக் கலைத்திருக்கிறான். இவர் வரம்பில் நின்றபடி சொல்ல வேண்டியதை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டு, உச்சி வெயிலில் மூன்று கட்டை தூரம் நடந்து வீட்டுக்குப் போயிருக்கிறார். மீன் கெட்டுப்போய்விட்டது.

"என்ரை மனிசன் என்னைக் கட்டினதுக்கு ஒரு நெல்லுக்கட்டைக் கட்டியிருக்கலாம்" என்று அவருடைய மனிசி அடுத்தநாள் என் கடைக்கு வந்து சொல்லிச் சிரித்தா. அந்த அக்காவுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் கோபப்பட்டவர்களும் இருந்தார்கள். எங்கள் ஊரில் ஒரு பெரியவர் செத்துப்போனார். பிரேதம் முற்றத்தில் கிடக்கிறது. பெண்கள் ஒப்பாரி வைக்கிறார்கள். இவர் வந்தார், கும்பிட்டார், ஒரு மூலையில் இருந்தார். பிறகு செத்தவருடைய மூத்த மகனைக் கையில் பிடித்து, "தம்பி, உங்கடை மேலை வயலிலை படைப்புழு இறங்குது. இண்டைக்கே தண்ணியை ஏத்திக் கட்டுங்கோ. நாளைக்கு விட்டா ஒண்டும் மிஞ்சாது" என்றார்.

மகன் அழுது வீங்கின முகத்தோடு அவரைப் பார்த்தான். மச்சான்மார் இரண்டுபேர் எழும்பி இவரைத் தள்ளிக்கொண்டுபோய்ப் படலைக்கு வெளியே விட்டார்கள். "செத்த வீட்டிலை என்ன கதைக்கிறதெண்டு தெரியாதோ?" என்று ஒருவர் கத்தினார். இவர் நேரே வயலுக்குப் போய், யாரையும் கேட்காமல் வாய்க்காலை வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டார். புழு மிதந்துபோய்ப் பயிர் தப்பியது. அந்த வீட்டார் அதன் பிறகும் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. எனக்கும் அன்று அவர் செய்தது பிடிக்கவில்லை. மனுசருக்கு மேலாகப் பயிரை வைக்கிறாரோ என்று ஒரு சங்கடம் மனதில் கிடந்தது.

இத்தனைக்கும் அவருக்கென்று ஒரு முழ வயல் கிடையாது. சொந்த இடம் இலுப்பைக்கடவைப் பக்கம். சண்டையில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது காணி பற்றை மூடிக் கிடந்தது. உறுதிப் பத்திரம் எங்கேயோ தொலைந்துபோயிருந்தது. காணி தன்னுடையது என்று காட்ட முடியாமல் கந்தோர் கந்தோராக அலைந்து, களைத்துப்போய், மனிசியின் ஊர் என்று உயிலங்குளத்துக்கு வந்துவிட்டார். ஊர் முழுக்க வயல், அத்தனைக்கும் வைத்தியம் பார்ப்பவர் அவர், வீட்டில் வேகுவது கடை அரிசி.

பிறகு ஒரு காலபோகத்துக்கு, மாரி மழை விதைப்புக்கு, என் வயலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஏக்கரை அவர் குத்தகைக்கு எடுத்தார். எனக்கு இரண்டு ஏக்கர், அவருக்கு ஒன்று, நடுவில் ஒரே வரம்பு. அவர் அவ்வளவு சந்தோசப்பட்டு நான் முன்னம் பார்த்ததில்லை. விதைத்த அன்று கடைக்கு வந்து, மேசையில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்:

"இந்த முறை தம்பி, எங்கடை நெல்லிலை ஒரு சோறு. மனிசி இடம்பெயர்ந்த நாளிலை இருந்து கேக்கிறா. வேறை ஒண்டும் கேட்டதில்லை."

அந்த அக்கா முன் அறையில் ஒரு மூலையை ஒதுக்கி, மூடை அடுக்குவதற்குக் கீழே பலகை போட்டு வைத்தா. நெல்லு இன்னும் முளைவிடவில்லை, அதற்குள் பலகை. நான் பகிடி பண்ணினேன். "எலி வந்து படுக்கப் போகுது அக்கா" என்றேன். "எலிக்கும் பசிக்கும்தானே" என்று சொல்லிச் சிரித்தா.

அதுதான் அரசாங்கம் தடைபோட்டு, உரமும் மருந்தும் வெளிநாட்டிலிருந்து வராமல் நின்றுபோன போகம். என் கடைத் தட்டெல்லாம் வெறுமை. கயிறும் மண்வெட்டியும் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன. சனம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். என்னிடம் தண்டுப்புழுவுக்கு அடிக்கிற மருந்தில் ஒரே ஒரு போத்தில் மிஞ்சியிருந்தது. அதைத் தட்டில் இருந்து எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன். என் வயலுக்குத் தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று நினைத்தேன். அதில் பிழை இருந்ததாக அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நெல்லுத் தண்டுக்குள் கதிர் திரண்டு குடலை தள்ளுகிற பருவம் வந்தது. ஒரு பின்னேரம் இரண்டுபேரும் அந்த நடு வரம்பில் நின்றோம். அவர் கம்பை நீட்டித் தன் பக்கத்து நெல்லைத் தடவினார். பொட்டுக்காரிகள் மஞ்சளாகக் குபுக்கென்று எழும்பின. பிறகு என் பக்கத்தைத் தடவினார். அங்கேயும் அப்படித்தான். அவர் குந்தியிருந்தார். ஒரு இலை நுனியை முறித்து உள்ளங்கையில் வைத்து என்னிடம் காட்டினார். பழுப்பு மயிர் மூடின முட்டைக் குவியல்.

நான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேண்டாம் என்று சொல்லுவார், சிலந்தி இருக்கிறது, குருவி இருக்கிறது என்று ஏதாவது சொல்லுவார் என்று.

"வேணும்" என்றார். "இந்தக் கிழமைக்குள்ளை அடிக்க வேணும் தம்பி. பொரிச்சுத் தண்டுக்குள்ளை போயிட்டா முடிஞ்சுது."

என் வயலுக்கு வேணும் என்று அவர் வாயிலிருந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். பயந்துவிட்டேன்.

அடுத்தநாள் காலை கடை திறக்க முதலே வாசலில் நின்றார்.

"ஒரு போத்திலும் இல்லையோ தம்பி? பாதி எண்டாலும் காணும்."

லாச்சி என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. ஒரு போத்தில் என் இரண்டு ஏக்கருக்குத்தான் மட்டு மட்டாகக் காணும். அவருக்குப் பாதி கொடுத்தால் என்னுடையதில் ஒரு ஏக்கர் போய்விடும். கணக்கு அவ்வளவுதான்.

"இல்லை அண்ணை" என்றேன்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. அவர் பக்கத்து வயலில் நிற்கும்போது நான் எப்படி மருந்தடிப்பது? அதனால் சொன்னேன்: "டவுனிலை, உப்புக்குளத்திலை ஒருத்தரிட்டை பழைய மருந்து கிடக்காம். ஒருக்காப் போய் விசாரிச்சுப் பாருங்கோவன்." அப்படி ஒருவரையும் எனக்குத் தெரியாது. யாரோ எப்போதோ சொன்ன கதை ஒன்று காதில் கிடந்தது, அதை எடுத்து விட்டேன்.

அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. "நல்லதாப் போச்சு தம்பி. கிடைச்சா உங்களுக்கும் சேர்த்துக் கொண்டு வாறன்" என்றார்.

அவர் பஸ் ஏறியதும் கடையைப் பூட்டிவிட்டு வயலுக்குப் போனேன். அக்கா அவர்களுடைய வயலில் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. நல்லகாலமோ கெட்டகாலமோ, அவ வீட்டில். நான் டாங்கி தூக்கிப் பல வருசம். முன்னுக்கு நடந்து நடந்து, அடித்த மருந்திலேயே முழங்கால் வரைக்கும் நனைந்தேன். அவசர அவசரமாக இரண்டு ஏக்கரையும் முடித்தேன். என் கணக்குப் பிழைத்து, போத்திலில் கால்வாசி மிஞ்சியிருந்தது. அதைத் திரும்ப லாச்சிக்குள் வைத்தேன்.

பின்னேரம் அவர் வந்தார். உப்புக்குளம் முழுக்க வீடு வீடாக விசாரித்திருக்கிறார். முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் பாவம் பார்த்து இருத்திச் சாப்பாடு கொடுத்திருக்கிறார். மருந்து மட்டும் இல்லை. அதைச் சொல்லிக்கொண்டு கதிரையை இழுத்து எனக்கு முன்னால் இருந்தார். இருந்தவர் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

எந்த மருந்தையும் நூறடி தூரத்தில் மணந்து சொல்லுகிற மனிதர். நான் குளித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். ஆனாலும் அவருடைய கண் என் காலுக்குப் போய், அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. ஏசப்போகிறார், ஊரைக் கூட்டப்போகிறார் என்று இருந்தேன். ஏசியிருந்தால் இன்றைக்கு எனக்கு இவ்வளவு பாரம் இருந்திராது.

"தம்பி" என்றார். "தண்ணியிலை மட்டும் குளிச்சாப் போகாது. சவுக்காரம் போட்டு ரெண்டு தரம் தேய்ச்சுக் கழுவுங்கோ. உடுப்பைப் புறம்பாத் தோயுங்கோ, பிள்ளையளின்ரை உடுப்போடை போடாதேங்கோ."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் எழும்பினார். வாசல் வரைக்கும் போனவர் அங்கே நின்று, திரும்பாமல் சொன்னார்:

"முட்டைக்கு அது கேக்காது. இண்டைக்குத் தப்பின முட்டை இனித்தான் பொரிக்கும். மிச்சம் இருந்தா எட்டு நாளிலை இன்னொருக்கா அடியுங்கோ. இல்லாட்டி அடிச்சதும் வீண்."

அந்தக் கால்வாசிப் போத்திலை அப்போதாவது எடுத்து நீட்டியிருக்கலாம். அதை அடிக்கிற வழியை அவரே சொல்லிக்கொண்டு நிற்கிறார், நான் லாச்சிக்குக் காவல் இருக்கிறேன். எட்டாம் நாள் அவர் சொன்னபடியே அடித்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

அந்த எட்டு நாளும் புருசனும் பெண்சாதியும் வயலில் நின்றார்கள். மருந்து இல்லையென்றால் கையால் பொறுக்க வேண்டியதுதான் என்று அவர் முடிவு செய்திருந்தார். விடிய வந்து, இருட்டும் வரைக்கும் இலை இலையாகப் பார்த்து, முட்டை இருக்கிற நுனியைக் கிள்ளி மடியில் கட்டின பைக்குள் போடுவது. நெல்லு இலை வாள் மாதிரி. மூன்றாம் நாளே அக்காவின் விரலெல்லாம் அறுபட்டிருந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு பொறுக்கினா. ஒரு ஏக்கரில் எத்தனை இலை? நான் வரம்பால் போனால் "தம்பி, இண்டைக்கு ஒரு பை நிறையப் பொறுக்கியாச்சு" என்று பையைத் தூக்கிக் காட்டுவா. அவர் நிமிரமாட்டார்.

கதிர் வந்தபோது என் வயல் தலை சாய்த்தது. அவருடையது வெள்ளையாக நிமிர்ந்து நின்றது. சுற்றுவட்டாரத்தில் எல்லாருடைய வயலும் அப்படித்தான். என்னுடையது மட்டும் பச்சையும் மஞ்சளுமாக நடுவில். அவர் தன் ஒரு ஏக்கரையும் அறுக்கவில்லை. அறுக்கிற கூலிக்கும் காணாது. மாட்டுக்கு விட்டார்.

என் நெல்லை அடித்து ஏற்றினதும் அதில் ஒரு மூடையைக் கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கொடுத்தால் மனம் ஆறும் என்று நினைத்தேன். வேறு என்ன? அவர் மூடையின் வாயைத் திறந்து ஒரு பிடி எடுத்தார். ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்தார். முகத்தில் ஒரு சந்தோசம் வந்தது. அதில் பொய் இல்லை, எனக்குத் தெரியும்.

"நல்ல மணி தம்பி. நல்லா முத்தியிருக்கு" என்றார்.

அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தா. மூலையில் அந்தப் பலகை அப்படியே கிடந்தது. தேத்தண்ணியை என் கையில் தந்துவிட்டுக் கேட்டா:

"தம்பி, எல்லாற்றையும் போச்சுது. உங்கடை வயல் மட்டும் எப்பிடித் தப்பினது?"

கேள்வியில் ஒரு சூதும் இல்லை. உண்மையாகவே அறியத்தான் கேட்டா. அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவர் மனிசியிடம் ஒன்றுமே சொல்லவில்லை. கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

"அவரும் முட்டை பொறுக்கினவர்தான்" என்றார் அவர். "நாங்கள் போன பிறகு வந்து பொறுக்கினவர். எங்களைவிட வடிவாப் பொறுக்கினவர்."

பயிரைப் பற்றி அவர் சொன்ன ஒரே பொய் அது. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார், வேறு எதற்கும் இல்லை. ஆனால் அது எங்கே போய் விழும் என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அக்கா தன்னுடைய இரண்டு கையையும் விரித்துப் பார்த்தா. விரல்களில் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது.

"அப்ப நான்தான் சரியாப் பொறுக்கேல்லைப் போலை" என்றா. "எனக்குப் பின்னேரத்திலை கண் வடிவாத் தெரியிறேல்லை. விட்டிட்டன் போலை."

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார். இத்தனை வருசப் பழக்கத்தில், அந்தப் போத்திலுக்குப் பிறகு அவர் என்னிடம் ஒன்றைக் கேட்டது அந்தப் பார்வையில்தான். சொல்லு என்று கேட்டார். இப்போது நீ சொல்லு என்று.

நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

"இல்லையப்பா, உன்னிலை ஒரு பிழையுமில்லை" என்று அவர் மனிசியிடம் சொன்னார். அவ அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

அதன் பிறகு அவர் என் கடைக்குள் வந்து இருக்கவில்லை. கோபம் என்று சொல்லமுடியாது. வாசலோடு நின்று கதைத்துவிட்டுப் போவார். என் பயிரைப் பற்றிக் கதைப்பார், கட்டாயம் கதைப்பார். ஆடி மாதம் காய்ச்சல் என்று படுத்தார். நாலாம் நாள் போய்விட்டார். செய்தி வந்தபோது கடைக்கு மருந்துப் பெட்டிகள் திரும்ப வந்து இறங்கத் தொடங்கியிருந்தன. என் சகோதரம் செத்ததுக்கு அழுததைவிட அன்று அதிகமாக அழுதேன். அழுதது அவருக்காகவா, இனி மன்னிப்புக் கேட்க ஆளில்லை என்பதற்காகவா என்று இன்னும் எனக்கே தெரியாது.

அடுத்த காலபோகம் அக்கா அதே ஒரு ஏக்கரைத் தனியாகக் குத்தகைக்கு எடுத்தா. வேண்டாம் என்று எல்லாரும் சொன்னோம், கேட்கவில்லை. நெல்லு குடலை தள்ளுகிற நேரம் ஒருநாள் கடைக்கு வந்தா. வெள்ளைச் சீலை. கையில் ஒரு பழைய பை.

"தம்பி, பொட்டுக்காரிக்கு ஒரு மருந்து தாங்கோ."

"பிடிச்சிருக்கோ அக்கா? நான் ஒருக்கா வந்து பாக்கிறன்."

"பாக்க வேண்டாம். எனக்குப் பொறுக்கப் பயமாக் கிடக்கு." மேசையைப் பிடித்துக்கொண்டா. "அந்த மனிசன் இடம்பெயர்ந்த பிறகு ஒரே ஒருக்காத்தான் தனக்கெண்டு ஒரு பயிர் செய்தது. அதை நான் கண் தெரியாமை அழிச்சுப்போட்டன். சாகும் மட்டும் என்னை ஒரு சொல்லுச் சொல்லேல்லைத் தம்பி. ஒருநாள் ஏசியிருந்தாலும் எனக்கு ஆறியிருக்கும்."

கடையில் வேறு யாரும் இல்லை. அவ கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபடி நின்றா. தட்டு நிறைய மருந்து இருந்தது. ஒரு போத்திலை எடுத்து மேசையில் வைத்தேன். "அக்கா" என்று தொடங்கினேன்.

"சொல்லுங்கோ தம்பி."

சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஒரு ஏக்கருக்கு இது ஒண்டு காணும் அக்கா" என்றேன்.